ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கும் அந்த ஐந்து பெயர்கள்



நம்மில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாதவர் அநேகமாக யாரும் இல்லை. காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர் மெடிக்கலில் ரத்தம் கொடுக்கிறார். ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கிறார்கள். லேபிலிருந்து ஒரு சீட்டு வருகிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு, சுகர் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துவிடுகிறோம்.

அந்தச் சீட்டின் நடுவில் ஐந்து பெயர்கள் இருக்கும். நியூட்ரோஃபில் 60, லிம்ஃபோசைட் 32, மோனோசைட் 4, ஈசினோஃபில் 4, பேசோஃபில் 0. கூட்டிப் பாருங்கள், நூறு வரும். எல்லாருடைய சீட்டிலும் நூறுதான் வரும். ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களை நூறாக எண்ணி, அதில் எந்த வகை எத்தனை என்று பிரித்து எழுதிய கணக்கு அது.

இந்த ஐந்தும் என்ன வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தப் பாடம். பள்ளிக்கூடப் பாடத்தை ஜும்ஆ பக்கத்தில் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. சுகாதார ஊழியர்கள் நம் வாசலுக்கும் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்று யானைக்கால் மாத்திரை. இன்னொன்று தட்டம்மை ஊசி. மாத்திரையை வாங்கி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு மறந்தவர்கள் உண்டு. ஊசி போடுகிற அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவர்களும் உண்டு. அந்த மாத்திரைக்கும் ஊசிக்கும் உள்ளே வேலை செய்வது யார் என்று தெரிந்திருந்தால் இந்தத் தயக்கத்தில் பாதி குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எண்ணிக்கை கூடினால் பலம் கூடுமா?

முதலில் ஒரு தவறான நினைப்பைத் தள்ளிவைப்போம். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு குண்டூசித் தலை அளவு ரத்தத்தில், சிவப்பணுக்கள் சுமார் 50 லட்சம் இருக்கும். வெள்ளணுக்கள் 4,000 முதல் 11,000 வரைதான். "எனக்கு 12,000 இருக்கிறது, அப்படியானால் எதிர்ப்பு சக்தி அதிகம்தானே" என்று சிலர் மகிழ்ச்சியாகக் கேட்கிறார்கள். அப்படி இல்லை. கிருமித் தொற்று இருந்தால் கூடும். கர்ப்பிணிகளுக்குக் கூடும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் கூடும். ரத்தப் புற்றுநோயில் லட்சத்தையும் தாண்டிப் போகும், ஆனால் அவர்களுக்குத்தான் தொற்று எளிதாகத் தொற்றிக்கொள்ளும். வேலை தெரியாத அணுக்கள் எத்தனை லட்சம் இருந்து என்ன பயன்? டெங்குவிலும் டைஃபாய்டிலும் எண்ணிக்கை குறைவதுண்டு. ஆகவே எண்ணிக்கை என்பது உடம்பு வாங்கிய மதிப்பெண் அல்ல. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் ஒரு தகவல், அவ்வளவுதான். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி, லேகியம் என்று விளம்பரம் வரும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள்.

முதலில் ஓடி வருபவர்கள்

நூற்றில் ஐம்பது, அறுபது, எழுபது என்று பெரும்பங்கு நியூட்ரோஃபில்கள். காலில் முள் குத்தினால் முதலில் வந்து சேர்வது இவைதான். ரத்தக்குழாயின் சுவரில் இருக்கும் சின்ன இடைவெளியில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்து, கிருமி இருக்கும் இடத்துக்குப் போய், அதை விழுங்கிச் செரிக்கின்றன. அந்த வேலையிலேயே தாமும் மடிகின்றன. புண்ணில் வரும் சீழ் என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அதில் பெரும்பகுதி இப்படி மடிந்த நியூட்ரோஃபில்கள்தான். இவற்றின் ஆயுள் மிகக் குறைவு. அதனால் எலும்பு மஜ்ஜை ஒரே நாளில் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைப் புதிதாக உண்டாக்கி அனுப்புகிறது. சுப்ஹானல்லாஹ்! நாம் தூங்கும்போதும் அந்த வேலை நிற்பதில்லை.

அணுக்கள் கிருமியை விழுங்கும் என்பதை முதலில் எடுத்துச் சொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோஃப். 1882ஆம் ஆண்டு இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், கண்ணாடி போல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தபோது அந்த முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு அந்தப் பரிசைப் பங்கிட்டுக்கொண்ட பால் ஏர்லிக்கைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இங்கே அவசியமான செய்தி ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது கோரிமேடு ஜிப்மரிலோ வேறு மருத்துவமனையிலோ புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்தால், அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கீமோ மருந்து மஜ்ஜையையும் தாக்கும். நியூட்ரோஃபில் 500க்குக் கீழே இறங்கிவிட்டால், சாதாரணக் கிருமியே சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். சீழ்கூடப் பிடிக்காது, ஏனென்றால் சீழாக மாற அங்கே அணுக்களே இல்லை. வெளியே புண் தெரியவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று நினைத்து ஏமாறக் கூடாது. இரவு எத்தனை மணியானாலும் அழைத்துக்கொண்டு போங்கள்.

மோனோசைட் என்பது ரத்தத்தில் சில நாள் சுற்றிவிட்டு உறுப்புகளுக்குள் போய்த் தங்கி, மேக்ரோஃபேஜ் என்ற பெரிய அணுவாக மாறுவது. நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் நிலையாகக் குடியிருந்து குப்பையையும் கிருமியையும் தின்கிறது. தின்றதன் ஒரு துண்டை எடுத்து லிம்ஃபோசைட்டுக்குக் காட்டவும் செய்கிறது. காசநோய்க் கிருமி இந்த மேக்ரோஃபேஜின் வயிற்றுக்குள்ளேயே ஒளிந்து வாழக் கற்றுக்கொண்டது. அதனால்தான் டி.பி.க்கு மாதக்கணக்கில் மாத்திரை, பாதியில் நிறுத்தக் கூடாது என்கிறார்கள். பேசோஃபில் மிகக் குறைவு. நூற்றில் ஒன்றுகூட இருக்காது. ஒவ்வாமையில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் இதற்குள் இருக்கிறது. சீட்டில் 0 என்று இருந்தால் பயப்பட வேண்டாம்.

ஈசினோஃபில்: நம் மண்ணின் கதை

இனி நம் ஊர்ப்பக்கம் அதிகம் பேசப்படும் பெயருக்கு வருவோம். "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு" என்று சொல்லாத வீசிங்காரர் உண்டா? அது ஏதோ நோயின் பெயர் போல நிலைத்துவிட்டது. உண்மையில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு அதிகமாகிவிட்டது என்பதுதான் அதன் பொருள். 1879இல் பால் ஏர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். சில வெள்ளணுக்களின் உள்ளே இருந்த மணிமணியான துகள்கள் மட்டும் ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தைப் பிடித்துக்கொண்டு பளிச்சென்று தெரிந்தன. அதனால் அந்தப் பெயர்.

அந்தச் சிவப்பு மணிகளுக்குள் நஞ்சு இருக்கிறது. யாருக்கு? புழுக்களுக்கு. நியூட்ரோஃபில் ஒரு பாக்டீரியாவை விழுங்கிவிடும், ஆனால் ஒரு புழுவை எப்படி விழுங்குவது? அது இந்த அணுவைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே ஈசினோஃபில்கள் கூட்டமாகப் போய்ப் புழுவின் மேல் ஒட்டிக்கொண்டு நஞ்சைக் கொட்டுகின்றன. விழுங்க முடியாத எதிரிக்கு வேறு வகைப் போராளி.

கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு அந்தப் புழு எது என்று சொல்லத் தேவையில்லை. வீங்கிய காலோடு நடக்கும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். யானைக்கால் புழு, நூல் போல மெல்லியது. பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அது குடியிருக்கும் இடத்தைக் கவனியுங்கள்: நிணநீர்க் குழாய்கள். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நெறிக்குப் போகும் பாதைதான் அது. வெள்ளணுக்கள் போய் வரும் சாலை. காவலர்கள் நடக்கும் தெருவிலேயே வந்து வீடு கட்டி, பல ஆண்டுகள் குடும்பம் நடத்துகிறது!

எப்படி முடிகிறது? உடம்பின் எதிர்ப்பை அடக்கிவைக்கும் சைகைகளை அந்தப் புழு தூண்டிவிடுகிறது. அதனால் பெரும்பாலானவர்களுக்கு வருடக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தெரியாது. ஆனால் லட்சக்கணக்கான குஞ்சுப் புழுக்கள் ரத்தத்தில் சுற்றும். பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் பதுங்கியிருந்து, இரவில் மேல் ரத்தத்துக்கு வரும். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் இரவுதான். ஊழியர்கள் இரவில் வந்து விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தது ஏன் என்று இப்போது புரிகிறதா? "பகலில் வந்தால் ஆகாதா" என்று அவர்களிடம் கோபப்பட்டவர்கள் நம்மில் உண்டு.

எல்லா உடம்பும் இந்தப் புழுவைப் பொறுத்துக்கொள்வதில்லை. சிலருடைய உடம்பு அளவுக்கு மீறி எதிர்க்கிறது. குஞ்சுப் புழு நுரையீரலில் நுழைந்ததும் ஈசினோஃபில்கள் படையாக வந்து கொன்றுவிடுகின்றன. ரத்தத்தில் ஒரு புழுகூடத் தெரியாது. ஆனால் அந்தப் போர் நுரையீரலில் நடப்பதால் மனிதன் இருமித் தீர்க்கிறான், அதுவும் இரவில். மூச்சு இழுக்கும், உடம்பு மெலியும், எக்ஸ்ரேயில் நிழல் தெரியும். டி.பி. என்று நினைத்துச் சானடோரியத்தில் சேர்த்துவிடுவார்கள்.

மதனப்பள்ளி டி.பி. சானடோரியத்தில் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துத்தான் ஃப்ரிமோட் மோலர், பார்ட்டன் என்ற இரு மருத்துவர்கள் 1940இல் முதலில் எழுதினார்கள்: காசநோய் போல இருக்கிறது, ஆனால் காசநோய் இல்லை, ரத்தத்தில் ஈசினோஃபில் ஏராளம் என்று. 1943இல் வெயின்கார்ட்டன் என்பவர் இதற்கு டிராபிகல் ஈசினோஃபீலியா என்று பெயர் கொடுத்தார். அந்தப் பெயர்தான் நம் வாயில் ஈஸ்னோபீலியா ஆனது. காரணம் மட்டும் தெரியாமலே இருந்தது. 1960இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வெப், ஜாப், கால்ட் மூவரும் இந்த நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நெறி ஆகியவற்றின் திசுவில் குஞ்சுப் புழுக்களையே கண்டெடுத்துக் காட்டினார்கள். 1966இல் டாக்டர் தனராஜ், டாக்டர் சண்முகரத்தினம் உள்ளிட்டோரும் அதையே உறுதிசெய்து எழுதினார்கள். (இந்த சண்முகரத்தினம், இன்றைய சிங்கப்பூர் அதிபர் தர்மனின் தந்தை.) ரத்தத்தில் தேடினால் கிடைக்காத புழு, திசுவில் ஈசினோஃபில்கள் சூழ்ந்து கிடந்தது.

இதில் இரண்டு பாடம். ஒன்று, பாதுகாப்பு அணுக்கள் குறைந்தால் மட்டும் ஆபத்து இல்லை, எல்லை மீறினாலும் ஆபத்து. இரண்டாவது நடைமுறைப் பாடம். சீட்டில் ஈசினோஃபில் 6, 8 என்று பார்த்தவுடன் மெடிக்கல் ஷாப்பில் போய் ஈஸ்னோபீலியா மாத்திரை கேட்காதீர்கள். சதவீதத்தை மொத்த எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 8,000, அதில் நூற்றுக்கு 6 என்றால் 480 வரும். 500 வரை சாதாரணம்தான். நான் மேலே சொன்ன புழுவால் வரும் நோயில் அது 3,000ஐத் தாண்டியிருக்கும். இன்று கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்களில் பலருக்குக் காரணம் ஒவ்வாமை, ஆஸ்துமா, குடல் புழு இப்படித்தான் இருக்கும். எது என்று டாக்டர் சொல்லட்டும்.

மாத்திரை போட்டால் காய்ச்சல் ஏன்?

யானைக்காலை நம் பகுதி எப்படி எதிர்கொண்டது என்பது உலகம் கவனித்த கதை. 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர், 1981 முதல் ஐந்தாண்டு புதுச்சேரி நகரில் ஒரு திட்டத்தை நடத்தியது. பூச்சிமருந்து அடிப்பதை மட்டும் நம்பாமல், சாக்கடைகளைச் சீர்செய்வது, பள்ளங்களை மூடுவது, குளங்களில் மீன் விடுவது என்று கொசு பிறக்கும் இடத்திலேயே கை வைத்தார்கள். கொசுக்கடி வெகுவாகக் குறைந்தது. பிறகு 2004 முதல் நாடு தழுவிய திட்டமாக, நோய் உள்ள பகுதிகளில் இருக்கும் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை டி.இ.சி. மாத்திரை வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது. இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் மட்டும் விலக்கு.

"நன்றாக இருந்த மனுஷன், மாத்திரை போட்டதும் காய்ச்சலில் படுத்துவிட்டார். மாத்திரையில் ஏதோ இருக்கிறது." இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நடந்தது பொய்யல்ல. காய்ச்சலும் தலைவலியும் சிலருக்கு வரத்தான் செய்யும். ஆனால் யாருக்கு? பெரும்பாலும் ரத்தத்தில் குஞ்சுப் புழு இருந்தவர்களுக்கு. டி.இ.சி. உள்ளே போனதும் புழுக்களின் ஒளிவு மறைவு கலைகிறது. உடம்பின் பாதுகாப்பு அணுக்களும் சேர்ந்து அவற்றைத் தாக்குகின்றன. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் புழுக்கள் சாகும்போது காய்ச்சல் அடிக்கிறது. ஓரிரு நாளில் தானே அடங்கும். புழு இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே மாத்திரை அநேகமாக ஒன்றும் செய்திருக்காது. காய்ச்சல் வந்தது மாத்திரையின் குற்றமல்ல, "உனக்குள் புழு இருந்தது" என்ற செய்தி. அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு அடுத்த ஆண்டு மாத்திரையை வேண்டாம் என்று சொன்னால் அது யாருக்கு நஷ்டம்?

ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரை வீக்கத்தைக் கரைத்துவிடாது. ஆனால் அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்து கால் மேலும் வீங்குவதைத் தடுக்க முடியும். விரல் இடுக்கு வெடிப்பில் நுழையும் பாக்டீரியாதான் அந்தக் காய்ச்சலுக்குக் காரணம். தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். ஒளு செய்தபின் விரல் இடுக்குகளை ஒரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்கும் பழக்கம் இவர்களுக்கு மிக அவசியம். ஈரக்காலோடு செருப்பில் நுழைந்து போய்விடாதீர்கள்.

லிம்ஃபோசைட்: மறக்காத அணு

கடைசியாக வைத்திருப்பது லிம்ஃபோசைட். நூற்றில் இருபது முதல் நாற்பது. மற்ற நான்கும் வந்தவனை எல்லாம் அடிக்கும் காவலர்கள் என்றால், இவை ஆள் பார்த்து அடிப்பவை. ஒவ்வொரு லிம்ஃபோசைட்டும் ஒரே ஓர் எதிரியின் அடையாளத்தை மட்டும் அறியும். பி வகை, எதிரியின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைத் தயாரித்து ரத்தத்தில் விடும். டி வகையில் இரண்டு பிரிவு: ஒன்று வைரஸ் புகுந்த அணுவைத் தேடிக் கொல்லும், இன்னொன்று மற்ற எல்லாருக்கும் உத்தரவு கொடுக்கும். உத்தரவு கொடுப்பவன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எய்ட்ஸ்தான் சாட்சி. எச்.ஐ.வி. குறிவைப்பது அந்த ஒரு பிரிவைத்தான். இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பதை 1986இல் முதலில் கண்டறிந்தது சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற நிர்மலாவும்.

லிம்ஃபோசைட்டிடம் ஒரு குறை உண்டு. அது மெதுவானது. புதிய எதிரியின் அடையாளத்துக்குப் பொருந்தும் ஒரு சில அணுக்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவை பல்கிப் பெருகி, ஆன்டிபாடி வெளிவருவதற்கு ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் குழந்தையின் கதை முடிந்துவிடலாம். ஆனால் ஒரு முறை ஜெயித்துவிட்டால் சில அணுக்கள் நினைவோடு தங்கிவிடும். அடுத்த முறை அதே எதிரி வந்தால் ஓரிரு நாளில் அடித்துவிடும், நமக்கு வந்ததே தெரியாது.

அந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? வடக்கு அட்லாண்டிக் கடலில் ஃபரோ என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. 1781இல் அங்கே தட்டம்மை வந்து போனது. அதன்பின் 65 ஆண்டுகள் வரவே இல்லை. 1846இல் மறுபடி வந்தபோது சுமார் 7,800 பேர் இருந்த தீவில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். பானும் என்ற இளம் டென்மார்க் மருத்துவர் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். 1781இல் சிறு பிள்ளையாக இருந்து அம்மை கண்ட முதியவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இரண்டாம் முறை வரவில்லை. 65 ஆண்டு கழித்தும் அந்த அணுக்கள் மறக்கவில்லை.

ஒரு முறை வந்தவருக்குப் பெரியம்மை மறுபடி வருவதில்லை ஏன் என்று இதற்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யோசித்தவர் அர்-ராஸீ. ரய் நகரத்துக்காரர், பக்தாத் மருத்துவமனையின் தலைமை மருத்துவர். பெரியம்மையையும் தட்டம்மையையும் தனித்தனி நோய்களாகப் பிரித்துக் காட்டித் தனி நூலே எழுதினார். ரத்தம் பொங்கித் தெளிவதுதான் காரணம் என்று அவர் சொன்ன விளக்கம் இன்று நிற்காது. ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

நோய் வந்து பிழைத்துத்தான் நினைவு வர வேண்டுமா? இல்லை. பலவீனமாக்கிய கிருமியை முன்கூட்டியே காட்டினால் போதும். தடுப்பூசி செய்வது இதைத்தான். ஊசி மருந்து நோயோடு சண்டை போடுவதில்லை, சண்டை போடுவது பிள்ளையின் சொந்த லிம்ஃபோசைட்டுகள். அவற்றுக்கு வேண்டிய அந்த இரண்டு வார அவகாசத்தை, எதிரி வருவதற்கு முன்பே ஊசி வாங்கிக் கொடுத்துவிடுகிறது. ஊசிக்குப் பின் வரும் லேசான காய்ச்சலும் அந்தப் பயிற்சியின் அறிகுறிதான்.

"மணல்வாரிதானே, வேப்பிலை போட்டால் இறங்கிவிடும், எங்களுக்கெல்லாம் வராததா" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தட்டம்மை மற்ற காய்ச்சல்களைப் போல இல்லை. அந்த வைரஸ் புகுந்து அழிப்பது குறிப்பாக நினைவு லிம்ஃபோசைட்டுகளை. 2019இல் நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டு வெளியிட்டார்கள். மற்றக் கிருமிகளுக்கு எதிராக அவர்கள் வைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. அதாவது தட்டம்மை இறங்கிய பிள்ளை, முன்பு ஜெயித்த சளிக்கும் நிமோனியாவுக்கும் மீண்டும் புதிய ஆளாகிவிடுகிறது. "அம்மை இறங்கிய பிறகுதான் பிள்ளை நோஞ்சானாகிவிட்டது" என்று நம் தாய்மார்கள் சொல்லி வந்ததற்கு விளக்கம் இதுதான். ஊசி போட்ட பிள்ளைகளுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை.

ஹலாலா என்ற கேள்வி

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ருபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. வந்த பிள்ளைகள் குறைந்ததால் தமிழ்நாட்டில் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. நம் சமுதாயத்தில் தயக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதல் என்பதை மறைத்துப் பயனில்லை. அதற்கு முந்திய ஆண்டுதான் கேரளத்தின் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் நோய் திரும்பி வந்து, தடுப்பூசி போடாத பிள்ளைகள் இறந்திருந்தார்கள்.

வதந்தியை விடுங்கள். மார்க்கக் கேள்வி ஒன்று இருக்கிறது. அதை மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசியில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் சேர்கிறதா? இந்தோனேசியாவில் 2018இல் இதே கேள்வி பெரிதாக எழுந்தது. அங்கே வந்ததும் நம் புனே சீரம் நிறுவனத்தின் ஊசிதான். அந்நாட்டு உலமா சபை ஆராய்ந்து, தயாரிப்பில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் பயன்பட்டிருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னது. சொல்லிவிட்டு, மாற்று ஊசி இல்லை, போடாவிட்டால் ஆபத்து என்று நம்பத்தகுந்த மருத்துவர்கள் சொல்கிறார்கள், ஆகவே நிர்ப்பந்தம் கருதி இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று அந்த ஆகஸ்ட் மாதம் ஃபத்வா கொடுத்தது. மக்களில் பலர் முதல் பாதியை மட்டும் கேட்டார்கள். ஆச்சே மாகாணத்தில் ஊசி போட்டவர்கள் மிகச் சொற்பம்.

இன்னொரு பார்வையும் உண்டு. 1995இல் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு குவைத்தில் கூட்டிய அவையில் நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கூடினார்கள். ஒரு பொருள் முற்றிலும் தன்மை மாறி வேறு பொருளாகிவிட்டால் பழைய சட்டம் அதற்குப் பொருந்தாது, ஜெலட்டினும் அப்படித்தான் என்பது அவர்களின் முடிவு. ஒரு தரப்பு நிர்ப்பந்தம் என்ற வழியில் வந்தது, இன்னொரு தரப்பு தன்மை மாற்றம் என்ற வழியில் வந்தது. இரண்டும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்: பிள்ளைக்குப் போடலாம்.

"அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைத்தால் போதாதா" என்று கேட்பவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். ஹஜ்ஜுக்குப் போகும்போது மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டால்தான் சவூதியில் அனுமதி. இஹ்ராம் துணி வாங்கும் முன்பே அந்த ஊசிக்கு வரிசையில் நிற்கிறோம். அப்போது நம் தவக்குல் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே? நமக்குக் கைநீட்டிப் போட்டுக்கொள்கிறோம், பேரப்பிள்ளைக்கு மட்டும் யோசிக்கிறோம்.

ருபெல்லா ஊசி பெண் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ருபெல்லா சிறுமியை மூன்று நாள் படுக்க வைத்துவிட்டுப் போய்விடும். அவளே நாளை கர்ப்பிணியாக இருக்கும்போது முதல் மாதங்களில் வந்தால், பிறக்கும் குழந்தைக்குக் கண்ணில் புரை, காது கேளாமை, இருதயத்தில் ஓட்டை. பெண்களை மலடாக்கும் ஊசி என்று பரப்பப்பட்டது, அவர்கள் வயிற்றில் வளரப்போகும் பிள்ளையைக் காக்கும் ஊசி.

இப்போது வீட்டுப் பெட்டியிலிருந்து தடுப்பூசி அட்டையை எடுங்கள். தட்டம்மை, ருபெல்லா ஊசி இரண்டு தவணை: முதலாவது 9 முதல் 12 மாதத்துக்குள், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். முதலாவது போட்டுவிட்டு, பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் இரண்டாவதை விட்டுவிடும் வீடுகள் அதிகம். முதல் தவணையில் சில பிள்ளைகளின் உடம்பில் நினைவு பதியாமல் போகும், அவர்களுக்காகத்தான் அந்த இரண்டாவது. கட்டம் காலியாக இருந்தால், தேதி தாண்டியிருந்தாலும் பரவாயில்லை, கரியமாணிக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சுகாதார நிலையத்திலோ அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். விட்டுப்போனதை எப்போது போடலாம் என்று அங்கிருக்கும் நர்ஸ் பார்த்துச் சொல்வார். ஊசிக்குப் பணம் கிடையாது.